மொட்டைக்கொம்பனைக் காக்க ஒரு சீட்டு

எங்கள் கால்டர் மலையில் பெருங்கொம்பு ஆட்டுக் கடாவைச் சுட வருஷத்துக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அந்த ஒரு சீட்டுக்கு மான்டானா முழுக்க ஆயிரக்கணக்கான பேர் எழுதிப் போடுவார்கள். ஜூனில் குலுக்கல் முடிவு வரும். என் மச்சான் வெர்ன் முப்பத்தெட்டு வருஷமாக எழுதிப் போட்டு வந்தான். கல்யாணம் ஆன வருஷமும் எழுதினான், பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன வருஷமும் எழுதினான். அவனுக்கு விழவேயில்லை. எனக்கு ஒன்பதாவது வருஷமே விழுந்துவிட்டது.

விழுந்ததுகூடப் பரவாயில்லை, நான் சுடுவதற்காக எழுதிப் போடவில்லை என்பதுதான் ஊருக்கு எரிச்சல். சீட்டு என் பெயரில் இருந்தால் வேறு எவன் கையிலும் இருக்காது. அந்த வருஷம் ஒரு கடா பிழைக்கும். இப்படி நினைத்து எழுதிப் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் புத்திசாலிகள், வெளியே சொல்வதில்லை. நான் காபிக் கடையில் உட்கார்ந்து சொல்லித் தொலைத்தேன்.

அன்று சாயங்காலமே வெர்ன் வந்துவிட்டான். வண்டியை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியாகவே கேட்டான்.

"மாப்ள, நெசமாவே சுடப் போறதில்லையா?"

"இல்ல மச்சான்."

"போட்டோ புடிக்கப் போற."

"ஆமா."

"போட்டோ புடிக்க எதுக்குடா சீட்டு? சாப்பிட மாட்டேன்னு சொல்றவன் எதுக்குப் பந்தியில எடத்தப் புடிக்கிற?"

"அந்த எடத்துல வேற எவனாவது உக்காந்தா ஒரு உசுரு போகுது இல்ல."

"போகட்டுமே. அதுவே கெழட்டுக் கடா. இன்னும் ரெண்டு குளிர் தாங்குமா? என் முட்டி ஒரு குளிர்கூடத் தாங்காது." சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான். என் மனைவி மார்லிஸ் அவனுடைய தங்கை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வராமல் அவன் இருந்ததே கிடையாது. அந்தக் கோடை முழுக்க வரவில்லை.

நானும் வேட்டைக்காரன்தான். பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு பெண்மானை வயிற்றில் சுட்டுவிட்டேன். அவசரப்பட்டேன், என் தப்பு. அது விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, பொழுது சாயும்வரை என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஒரு ஓடைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் கிட்டே போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் துப்பாக்கிகளை விற்றுவிட்டு ஒரு கேமராவும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கினேன். அதைக் கொள்கை என்று சொன்னால் பொய். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கல்லோடு கல்லாக மூன்று மணி நேரம் படுத்துக் கிடக்கிற வேலை மட்டும் அப்படியே மிச்சம் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

காலையும் சாயங்காலமும் பள்ளிப் பேருந்து ஓட்டுவேன். மற்ற நேரமெல்லாம் மலைதான். அந்த மந்தையில் நாற்பத்தொரு ஆடுகள். ஒவ்வொன்றின் முகமும் எனக்குத் தெரியும். கிழிந்த காதுக்காரி ஒருத்தி. எங்கள் பழைய கணக்கு டீச்சர் மாதிரியே முறைக்கிற பெட்டை ஒன்று, அதற்கு டீச்சர் என்றே பெயர். எல்லாவற்றையும் படம் எடுத்து, பின்பக்கம் பெயர் எழுதி, ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். வருஷா வருஷம் ஆகஸ்டில், புதுக் குட்டிகளுக்கு முகம் பிடிபடுகிற வயதில், அவற்றையும் எடுத்துச் சேர்ப்பேன். வனவிலங்குத் துறையின் கெல்சிகூடச் சில சமயம் என்னிடம் வந்துதான் கேட்பாள்.

எல்லாவற்றிலும் மேலே மொட்டைக்கொம்பன். இடது கொம்பின் நுனி மழுங்கித் தேய்ந்து, பார்வையை மறைக்காமல் நின்றிருக்கும். வலது கொம்பு முழு வளையம். பத்து வயது. நான் படுத்திருக்கும் கல்லிலிருந்து முப்பதடியில் வந்து அசைபோடுவான். அவனைத்தான் எல்லாரும் குறிவைத்திருந்தார்கள், வெர்னும்தான். அவனுக்காகத்தான் நான் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் அவனை விட்டு நகர மனம் வரவில்லை. நாள் தவறாமல் அவன் பின்னாலேயே போனேன்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. வீட்டுச் செம்மறியும் மலையாடும் மூக்கோடு மூக்கு வைக்கக் கூடாது. செம்மறியின் மூக்கில் இருக்கிற கிருமி செம்மறியை ஒன்றும் செய்யாது. மலையாட்டுக்குப் போனால் நுரையீரலில் சளி கட்டிக் கொல்லும். ஒன்றைக் கொன்றாலும் பரவாயில்லை, அது மேலே போய் மந்தையோடு சேர்ந்தால் மந்தையே போய்விடும். வடக்கே ஒரு மலையில் ஒரே குளிரில் அப்படிப் போயிருக்கிறது. அதனால், இரண்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் உடனே துறைக்குப் போன் பண்ண வேண்டும். அவர்கள் வந்து அந்த மலையாட்டைச் சுட்டுவிடுவார்கள். கொடுமைதான். எல்லார் வீட்டுக் குளிர்பெட்டியிலும் அந்தப் போன் நம்பர் ஒட்டியிருக்கும்.

மலையடிவாரத்தில் அனெட் என்று ஒரு அம்மா சியாட்டிலிலிருந்து வந்து குடியேறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்பளி நூற்பதற்காக ஐந்து செம்மறிகள் வைத்திருந்தார். அவரிடம் யாராவது விஷயத்தைச் சொல்லி இரட்டை வேலி போடச் சொல்ல வேண்டும் என்று வசந்தகாலத்து ஊர்க் கூட்டத்தில் கெல்சி கேட்டாள். நான்தான் கையைத் தூக்கினேன். அப்புறம் ஜூனில் சீட்டு விழுந்தது. அனெட்டை மறந்தேன்.

அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி, பேருந்தை விட்டுவிட்டுச் சாயங்காலம் கடாவைத் தேடிப் போனேன். மேலே எங்கும் இல்லை. திரும்பி வண்டியில் வரும்போது, அனெட்டின் மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் நின்றான். மஞ்சள் வெயில் அவன் கொம்பில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. பின்னால் ஆஸ்பென் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. வண்டிக்குள் இருந்தபடியே லென்ஸை ஜன்னலில் வைத்து எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை. அவன் தலையைத் தாழ்த்தினான். எதிரே ஒரு வெள்ளை முகம் வந்தது. அதையும் எடுத்தேன். நூற்று நாற்பது படம்.

அப்புறம்தான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். நடுவில் வெறும் கம்பி வலை. அந்தப் பக்கம் அனெட்டின் செம்மறி.

ஹாரனை அடித்தேன். அவன் நிதானமாகத் திரும்பி, ஓடையைத் தாண்டி மேலே ஏறினான். போனைக் கையில் எடுத்தேன், கெல்சியின் நம்பரையும் எடுத்துவிட்டேன். போன் பண்ணினால் நாளைக்கு வந்து அவனைச் சுடுவார்கள். சுடாமல் காப்பாற்றத்தானே சீட்டு வாங்கினேன்? மூக்கு பட்டதா என்ன, கம்பி இருந்ததே. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டிருந்தது. செம்மறியின் மூக்கு ஈரம் கடாவின் உதட்டு மயிரில் மின்னியது. என் லென்ஸ் அவ்வளவு நல்ல லென்ஸ்.

அதற்கப்புறம் பதினோரு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே அனெட் வீட்டுக்குப் போய் இரட்டை வேலி பற்றி மட்டும் சொன்னேன். அந்த அம்மா பதறிப்போய் இரண்டே நாளில் வேலி போட்டுவிட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். சனிக்கிழமை மலை ஏறிப் பார்த்தேன். மொட்டைக்கொம்பன் மட்டும் தூரத்தில் தெரிந்தான், நன்றாக மேய்ந்தான். பார், நல்லாத்தானே இருக்கான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதன் தன்னையே எவ்வளவு எளிதாக ஏமாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு நானே சாட்சி.

நவம்பர் முதல் தேதி ஞாயிறு. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு மார்லிஸ் வருஷா வருஷம் என் படங்களில் ஒன்றைப் பொறுக்கி அச்சடிக்கக் கொடுப்பாள். நான் பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஆரின், இது ரொம்ப நல்லாருக்கே. ஏன் இத எங்கிட்டக் காட்டவே இல்ல? ரெண்டும் முத்தம் குடுக்கற மாதிரி..."

நான் உள்ளே போனபோது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தாள். செம்மறியின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை தெளிவாகத் தெரிந்தது. மலையாட்டுக்கு யாரும் வில்லை மாட்டுவதில்லை.

"என்னைக்கு எடுத்தது இது?"

படத்துக்குக் கீழேயே தேதி இருந்தது.

"பதினோரு நாளா?" என்றாள். "பதினோரு நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க."

"நல்லாத்தான் இருக்கான் மார்லிஸ். நேத்துக்கூடப் பாத்தேன்."

"எனக்குக் கத சொல்லாத. நான் இந்த ஊர்ல பொறந்தவ." போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீ பேசறியா, நான் பேசவா?"

நான்தான் பேசினேன். கெல்சி தேதியை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். மாநிலத்தின் மறுகோடியில் இருந்தாள். வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் பனி கொட்டி மலைப்பாதை அடைத்துவிடும். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆரின், சீட்டு உங்க பேர்லதான இருக்கு? வேட்டை சீசனும் இருக்கு. நீங்களே அவனச் சுட்டுடுங்க. இன்னைக்கே. அவன் இன்னும் பெட்டைங்களோட சேரலன்னா..."

"எங்கிட்டத் துப்பாக்கி இல்ல கெல்சி."

"யார்கிட்டயாவது வாங்குங்க."

வாங்குவதற்கு எனக்கு இருந்தது ஒரே ஒருவன். மார்லிஸ் போன் பண்ணிய இருபதாவது நிமிஷம் வெர்ன் வாசலில் நின்றான். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தான். அடிப்பானோ என்றுகூட நினைத்தேன்.

"எங்க வெச்சிருக்க உன் பூட்ஸ?" என்றான். "ஏறு வண்டியில."

சீட்டு என் பெயரில் இருப்பதால் நான்தான் சுட வேண்டும். வெர்ன் துப்பாக்கி விசையைத் தொட்டாலும் சட்டம் பாயும். இரண்டு முட்டியிலும் இரும்பு வைத்த மனிதன், நான் பாதியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் கூட ஏறினான். பாறைச் சரிவில் இரண்டு இடத்தில் நான் அவனை இடுப்பைப் பிடித்து மேலே தள்ள வேண்டியிருந்தது.

மேல் முகட்டில் படுத்து வெர்ன் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைக் கையால் தேய்த்தான்.

"பதினாலு பெட்டை," என்றான். "அஞ்சு குட்டி. நடுவுல அவன்."

"சேந்துட்டானா?"

"என்னைக்கோ சேந்திருப்பான் மாப்ள. கூடல் காலம்டா இது."

வெர்னின் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். அதன் குறிபார்க்கும் கண்ணாடியில் பார்த்தபோது லென்ஸில் பார்த்த அதே முகம். தேய்ந்த இடது கொம்பு. மூக்கில் ஒழுகிய சளி தாடையில் உறைந்திருந்தது. அவன் தலையைத் தூக்கி நாங்கள் இருந்த பக்கம் பார்த்தான். என் வாசனை அவனுக்குப் பழக்கம். ஓடவில்லை. வழக்கமாக நான் வரும்போது நிற்பதுபோலவே நின்றான்.

"என்னால முடியாது மச்சான்."

"தெரியும்."

"நீ சுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"முப்பத்தெட்டு வருஷமா ஒழுங்கா எழுதிப் போட்டவன்டா நான்," என்றான் வெர்ன். "திருட்டுத்தனமா இவனச் சுட மாட்டேன். மூச்ச வெளிய விடு. அவசரப்படாத. வயித்துல சுட்டுடாத, இவன அப்படிச் சாக விட்டுடாத."

மூச்சை விட்டேன். அழுத்தினேன். அவன் நின்ற இடத்திலேயே மடிந்தான். கால்கூட உதைக்கவில்லை.

கிட்டே போனதும் வெர்ன் தன் முட்டிகளோடு மல்லுக்கட்டி, கடாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு வளைந்த கொம்பை அடியிலிருந்து நுனிவரை தடவினான். அழுதான். நானும் அழுதேன். இரண்டு கிழவர்கள் ஒரு செத்த ஆட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்.

"இவன் பக்கத்துல ஒரு நாள் உக்காரணும்னு இருந்தேன்," என்றான். "இப்படி இல்லடா."

வெடிச் சத்தத்துக்கு ஓடிய பெட்டைகள் நூறு கஜம் தள்ளி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தன. அவை நின்ற பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்கள் தொண்டையைச் செருமுவது போலத்தான் இருந்தது. டீச்சர் கழுத்தை நீட்டிக்கொண்டு இருமினாள். பிறகு இன்னொன்று.

"குளிருக்கா இருக்கும்," என்றான் வெர்ன். ஒரு கோடை முழுக்க என்னோடு பேசாதவன், எனக்காகப் பொய் சொன்னான்.

"இல்ல மச்சான்."

அவன் கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து வந்த கெல்சி நாங்கள் வெட்டிக் கீழே கொண்டுவந்திருந்த கடாவின் மூக்கிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் பஞ்சில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். அனெட்டின் செம்மறியில் இருந்த அதே கிருமி. நான் அவளிடம் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு சாயங்காலமே நான் கூப்பிட்டிருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாது," என்றாள். குறிப்பேட்டை மூடிவிட்டு, "அவன் ஒருத்தனோட போயிருக்கும்னுதான் நெனக்கிறேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

அந்தக் குளிர் முழுக்க அவை செத்தன. ஜனவரியில் டீச்சர். கிழிந்த காதுக்காரி ஓடைக்கரையில். மார்ச்சில் பாதை திறந்ததும் கெல்சி ஒவ்வொரு உடலையும் தேடிப் பதிவு செய்தாள். எது எது செத்தது, எது பிழைத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். பனியிலிருந்து ஒரு தலை வெளியே வரும். நான் பெட்டியிலிருந்து அதன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வாள். வெர்ன் கீழே வண்டியில் காத்திருப்பான். என்னைத் தனியாக விடக் கூடாது என்று மார்லிஸ் சொல்லியிருந்தாள்.

இருபத்தேழு பெயர் சொன்னேன். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. இருபத்தெட்டாவது ஒரு பாறையின் ஓரத்தில், காற்று படாத பக்கமாக, நாலு காலையும் மடித்துப் படுத்தபடி கிடந்தது. அந்த வருஷத்துக் குட்டி. நெற்றியில் வட்டமாக ஒரு வெளுப்பு, பார்த்தால் மறக்க முடியாத முகம்.

"இது யாரு, ஆரின்?"

"தெரியல."

"பெட்டியில பாருங்களேன்."

பெட்டியைத் திறக்கவில்லை. அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஜூனிலிருந்து அக்டோபர்வரை நாலாயிரத்துச் சொச்சம் படம் எடுத்திருந்தேன், அத்தனையும் மொட்டைக்கொம்பன். ஐந்து குட்டிகளில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

"இப்ப வேணா எடுக்கறீங்களா?" என்று கேட்டாள் கெல்சி. கேமரா என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. பெயர் எழுதுகிற கட்டத்தில் அவள் ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த குட்டி கிடந்த இடத்துக்கு நடந்தாள்.